பத்து இலக்கம் வரை பகுக்கும் கால்குலேட்டர்: வாங்கலாமா?

பேத்தி இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளுக்கென்று வாங்கிய சயின்டிஃபிக் கால்குலேட்டர், அவள் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரும் போதெல்லாம் என் கைக்கு வந்துவிடும். சைன், காஸ், மேட்ரிக்ஸ் எல்லாம் அவள் பாடு. எனக்கு வேண்டியது அதில் இருக்கும் ஒரே ஒரு வசதி. ஒரு முழு எண்ணைக் கொடுத்தால், அதைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்துக் காட்டும். 12 கொடுத்தால் 2²×3. பள்ளிக்கூடத்தில் ஏணி மாதிரிக் கோடு போட்டு, இடது பக்கம் 2, 2, 3 என்று எழுதிக்கொண்டே இறங்குவோமே, அதே கணக்குத்தான். இந்த மெஷின் அதைப் பத்து இலக்க எண் வரைக்கும் செய்கிறது. செய்கிறது என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதுதான் இந்த மதிப்புரை.

கம்பெனி பெயரை எழுதவில்லை. இந்த வசதி உள்ள மாடல்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன, நான் சொல்லப்போவதும் அந்த வசதியைப் பற்றித்தான். விலை ஆயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் உள்ளே. பாளையங்கோட்டையில், மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கினேன்.

கால்குலேட்டர் வாங்குகிறவர்கள் கடையிலேயே எண் பொத்தான் பத்தையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். நான் 1026753849 என்று அழுத்தி, வர்க்கமூலம் எடுப்பேன். சரியாக 32043 வரும். இந்த எண்ணில் 0 முதல் 9 வரை பத்து இலக்கமும் ஆளுக்கு ஒரு தடவை வருகிறது, அதனால் ஒரே கணக்கில் பத்துப் பொத்தானும் சோதனை ஆகிவிடும். பத்து இலக்கமும் ஒரு தடவை வந்து, முழு வர்க்கமாகவும் இருக்கிற எண்களிலேயே இதுதான் மிகச் சின்னது. மிகப் பெரியது 9814072356, அது 99066-இன் வர்க்கம். இரண்டையும் போட்டேன். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, லாட்டரி நம்பரா?” என்றார். லாட்டரியை நம் ஊரில் ஒழித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஆனால் பத்து இலக்கம் என்றாலே அவருக்கு அதுதான் ஞாபகம் வருகிறது போல. அவர் பில் போட்டுக்கொண்டிருந்த மெஷினிலும் அடித்துக் காட்டினேன். அதில் 3 ஒட்டிக்கொண்டது. “இது மூணு வருஷமா அப்படித்தான் அண்ணாச்சி” என்று சிரித்தார்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளங்கைக்கு அடங்கும். பொத்தான் மெத்தென்று இருக்கிறது, ஆனால் அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குத் தெரிகிறது. மேலே சின்னதாய் ஒரு சோலார் பட்டை, உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி. எங்கள் வீட்டுத் தார்சாவில் மத்தியான வெளிச்சத்தில் திரை பளிச்சென்று தெரியும். சாயங்காலம் லைட் போட்டால்தான் அடுக்கில் இருக்கும் குட்டி எண் தெரியும். என் வயசுக் கண்ணுக்கு 3² எது, 3³ எது என்று கண்ணாடி இல்லாமல் சொல்ல முடியாது. நழுவி மூடும் உறை கெட்டி.

பகுக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் சோதனை. அதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. பாகை, நிமிடம், விநாடி எழுதும் பொத்தானுக்கு மேலே மஞ்சள் எழுத்தில் கடுகு போல அச்சடித்திருக்கிறது. எண்ணை அழுத்தி, சமக்குறி போட்டு, அப்புறம் ஷிஃப்ட், அப்புறம் அந்தப் பொத்தான். சமக்குறியை விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. கூட வந்த தாளில் இது இருக்கிறது, ஆனால் அந்தத் தாளை விரித்தால் மேஜை விரிப்பு அளவுக்கு வருகிறது, எழுத்து பஞ்சாங்க எழுத்தைவிடச் சின்னது.

நான் வேலை பார்த்தது நெல்லை ஜங்ஷனில், ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் சேவையில். தபால் பிரிக்கிற வேலை. அதனால் முதலில் போட்டது பின்கோடு. பின்கோடு முறை வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி வகுத்தது. முதல் மூன்று இலக்கம் பிரிக்கிற மாவட்டத்தைச் சொல்லும், கடைசி மூன்று பட்டுவாடா செய்கிற ஆபீசை. 627 என்றால் நாங்கள், 628 தூத்துக்குடி, 629 நாகர்கோவில். தென்காசி 2019-இல் தனி மாவட்டமாகப் போனது, ஆனால் தபாலுக்கு அது இன்னும் 627-தான்.

627001, ஜங்ஷன். போட்டால் 71×8831 என்று வருகிறது. 8831-ஐ அதற்கு மேல் உடைக்க முடியாது. 627002, பாளையங்கோட்டை. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது: 2×37²×229. ஒரு 37 அல்ல, இரண்டு. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தபாலை அதற்குரிய மர அறையில் போட்டிருக்கிறேன், உள்ளே 37-இன் வர்க்கம் ஒளிந்திருப்பது யாருக்குத் தெரியும். 627006, டவுன்: 2×3×31×3371. இவற்றுக்கெல்லாம் முன்னால் 627000 என்று போட்டுப் பாருங்கள்: 2³×3×5³×11×19. எல்லாம் பொடிப்பொடியாக உடைகிறது. ஒன்றைக் கூட்டினால் போதும், 71-உம் 8831-உமாகக் கெட்டியாகிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே இருக்காது என்பது பாடத்தில் படித்ததுதான், ஆனால் நம்ம ஊர் நம்பரில் பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கிறது.

பின்கோடு போடுகிற வரைக்கும் மெஷின் ஒரு குறையும் வைக்காது. எந்த ஊர் பின்கோடு போட்டாலும் முழுசாக உடைத்துக் கொடுத்துவிடும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் இந்த மெஷினே புரிந்துவிடும்.

மெஷின் செய்வது பெரிய மாயம் ஒன்றுமில்லை. 2, 3, 5, 7 என்று வரிசையாகப் பகா எண்களால் வகுத்துக்கொண்டே போகிறது. மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது, அதாவது 997 வரை. 1000-க்குள் இருக்கும் பகா எண்கள் 168. அந்த 168-ஆல் வகுத்தபிறகு மிச்சம் இருப்பதுக்குக் காரணி என்று ஏதாவது இருந்தால், அது 1009-ஆகவோ அதற்கு மேலோதான் இருக்க வேண்டும், ஏனென்றால் 997-க்கு அடுத்த பகா எண் 1009. அப்படி இரண்டு காரணி சேர்ந்தால் குறைந்தபட்சம் 1009×1009, அதாவது 1018081. ஆக, மிச்சம் 1018081-க்குக் கீழே இருந்தால் அது கண்டிப்பாகப் பகா எண். அதற்கு மேல் போனால் மெஷினுக்குத் தெரியாது. பின்கோடு ஆறு இலக்கம், எவ்வளவு பெரிதானாலும் 999999. அதனால்தான் அதில் மெஷின் தடுமாறவே முடியாது. ஏழாவது இலக்கத்துக்குப் போனதும், அதாவது பத்து லட்சத்து பதினெட்டாயிரத்தைத் தாண்டியதும், வழுக்க ஆரம்பிக்கும்.

தெரியாதபோது என்ன செய்கிறது? மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறது. இந்த மெஷினில் இருக்கிற நல்ல விஷயமும் அதுதான், கெட்ட விஷயமும் அதுதான்.

இதைப் பார்க்க எல்லோருக்கும் தெரிந்த எண் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: 1234567890. நூற்று இருபத்து மூன்று கோடியே நாற்பத்தைந்து லட்சத்து அறுபத்தேழாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. யார் கால்குலேட்டர் வாங்கினாலும் முதலில் இதைத்தான் அழுத்துவார்கள். (கொஞ்சம் கணக்குப் படித்தவர்கள் 1729 போடுவார்கள். 7×13×19. ராமானுஜன் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லோரும் போட்டுப் போட்டு அது தேய்ந்துவிட்டது.) 0 முதல் 9 வரை ஒரு தடவை வருகிற எந்தப் பத்து இலக்க எண்ணானாலும், இலக்கங்களைக் கூட்டினால் 45 வரும், அதனால் 9-ஆல் வகுபடும். எப்படி மாற்றி அடுக்கினாலும் சரி. அப்படி அடுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 32,65,920. அத்தனையும் 9-ஆல் வகுபடும், ஒன்றுகூடப் பகா எண் கிடையாது. அதனால் 3² வரும் என்று முன்கூட்டியே தெரியும். கடைசியில் 0 இருப்பதால் 2-உம் 5-உம் வரும். மீதி என்ன?

மெஷின் சொன்னது: 2×3²×5×(13717421).

பேத்தி பக்கத்தில்தான் இருந்தாள். “பிராக்கெட் போட்டா அவ்வளவுதான் தாத்தா. அதுக்கு மேல அதுக்கு முடியாது” என்றாள். கடையில் கேட்டால் ரிப்பேர் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரிக்கிற மர அறைகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று இருக்கும், விலாசம் புரியாததுக்கென்று தனியாக ஒன்று இருக்கும். புரியாததைப் புரிந்த மாதிரி ஏதோ ஓர் ஊர் அறையில் தள்ளிவிட்டுப் போகிறவனைவிட, புரியாத அறையில் போடுகிறவன் நல்ல சார்ட்டர். அந்தத் தபாலை அனுபவஸ்தர் ஒருத்தர் எடுத்து, சாய்த்துப் பார்த்து, ‘ஏ, இது கல்லிடைக்குறிச்சி’ என்று சொல்லிவிடுவார். 13717421-ஐயும் அப்படிச் சாய்த்துப் பார்த்தால் என்ன?

அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர், தொழிலால் நீதிமன்றத்து ஆள், 1640-களில் நண்பர்களுக்குக் கடிதம் எழுதும் சாக்கில் கணக்கு எழுதியவர். அவருடைய வழி ரொம்ப எளிது. ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால் அது உடைந்துவிடும், ஏனென்றால் a²−b² என்பது (a+b)(a−b). ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம். செய்ய வேண்டியது: எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலே ஒரு முழு எண்ணை எடு. அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழி. வருவது முழு வர்க்கமா என்று பார். இல்லையென்றால் ஒன்று கூட்டித் திரும்பச் செய்.

13717421-இன் வர்க்கமூலம் 3703.7 சொச்சம். எனவே 3704. அதன் வர்க்கம் 13719616. கழித்தால் 2195. முழு வர்க்கம் இல்லை, 46-க்கும் 47-க்கும் நடுவில் விழுகிறது. அடுத்து 3705. வர்க்கம் 13727025. கழித்தால் 9604. இது 98². முடிந்தது. 3705+98 = 3803. 3705−98 = 3607.

இரண்டே அடி. மெஷின் கைவிட்ட எண்ணை, அதே மெஷினை வைத்துக்கொண்டே ஒரு காப்பி ஆறுவதற்குள் உடைத்துவிடலாம். 3607-ஐயும் 3803-ஐயும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், அடைப்புக்குறி இல்லாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தது, ஆக இரண்டும் பகா எண்கள். 1234567890 = 2×3²×5×3607×3803. இதை வைத்து அந்த எண்ணுக்கு மொத்தம் 48 வகுஎண்கள் என்றும் சொல்லிவிடலாம்: அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால், 2×3×2×2×2.

பேத்தி இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் பாடத்தில் படித்ததைச் சொன்னாள். இணையத்தில் ரகசியம் காக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற முறை, இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலை உடைப்பது கஷ்டம் என்பதை நம்பித்தான் நிற்கிறதாம். 1977-இல் 129 இலக்க எண் ஒன்றை உடைத்துப் பார்க்கச் சொல்லி வெளியிட்டார்கள், 1994-இல்தான் அது உடைந்தது. ஆனால் இரண்டு பகா எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஃபெர்மா வழியில் சீக்கிரம் உடைந்துவிடும். 3607-உம் 3803-உம் அப்படிப் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதனால்தான் இரண்டு அடியில் அகப்பட்டார்கள். “அப்ப தூரமா இருக்கறதா எடுக்கணும் தாத்தா” என்றாள். சரிதான். ஒன்று குட்டியாகவும் ஒன்று பெரியதாகவும் இருந்தால் ஃபெர்மா வழி நாள் கணக்கில் இழுக்கும், ஆனால் குட்டியை மெஷின் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் நல்ல ஜோடி.

ஃபெர்மாவே தன் வழிக்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்த எண்ணும் பத்து இலக்கம்தான்: 2027651281. இந்த மெஷினில் போட்டால் முழு எண்ணையும் தூக்கி அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுகிறது, ஒரு காரணிகூடக் கிடைப்பதில்லை. அவர் வழியில் 45030-இல் ஆரம்பித்தால் 45041-இல் அகப்படும். 45041-இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 1040400, அது 1020². ஆக 46061×44021. பன்னிரண்டு அடி. மனுஷர் இதையெல்லாம் மை தொட்டு எழுதியிருக்கிறார். நான் அழுத்திய வர்க்கப் பொத்தானுக்கே எனக்கு விரல் வலித்தது.

இப்போது கெட்ட பக்கம். அடைப்புக்குறிக்கு ஒரே அர்த்தம்தான் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அடுத்து 4294967297 போட்டேன். இது 2-ஐ 32 தடவை பெருக்கி ஒன்று கூட்டியது. இதே மாதிரி எண்களான 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்ததும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை அது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். மெஷினில் போட்டால் 641×(6700417). ஆய்லருடைய 641 நொடியில் வந்துவிட்டது. ஆனால் அந்த 6700417-க்கும் அடைப்புக்குறி. 13717421-க்குப் போட்ட அதே அடைப்புக்குறி.

வித்தியாசம் என்னவென்றால், 6700417 பகா எண். அதை உடைக்கவே முடியாது. ஒன்று உடையும், இன்னொன்று உடையாது, இரண்டுக்கும் முகம் ஒன்றே. மெஷினைப் பார்த்து மட்டும் எது எது என்று சொல்ல வழியில்லை. தபால்காரன் பார்வையில் சொன்னால், விலாசம் புரியாத கவரையும் விலாசம் சரியாக இருக்கிற கவரையும் ஒரே அறையில் போட்டு வைத்தது போல.

6700417 பகா எண் என்று எனக்கு எப்படித் தெரியும்? இதற்கும் வழி உண்டு. 4294967297-இன் காரணிகளை (6700417-இன் காரணிகளும் அதில் சேர்ந்தவைதான்) 128-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1878-இல் நிறுவினார். 641-ஐப் பாருங்கள், 128×5+1. 6700417-இன் வர்க்கமூலம் 2588-க்குக் கொஞ்சம் மேல். 997 வரைக்கும் மெஷின் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1000-க்கும் 2588-க்கும் நடுவில், 128-ஆல் வகுத்தால் 1 மீதி வருகிற பகா எண்கள் எத்தனை என்று தேடினால், 1153-உம் 1409-உம் மட்டும்தான். இரண்டையும் வகுத்துப் பார்த்தேன். 1153-க்கு மீதி 334, 1409-க்கு மீதி 622. வகுபடவில்லை, ஆகவே பகா எண். இதுவும் இரண்டே கணக்கு.

2147483647-ஐயும் போட்டேன், 2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்று கழித்தது. முழுசாக அடைப்புக்குறி. இது பகா எண் என்று ஆய்லர் 1772-இல் காட்டிவிட்டார், 62-ஆல் வகுத்தால் 1 மீதி வருகிற எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்ற மாதிரிச் சலுகைகளை வைத்துக்கொண்டு. அதைத் திரும்பச் செய்துபார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

பத்து இலக்க எண் எதைக் கொடுத்தாலும் சந்தேகமில்லாமல் முடிக்க, லட்சத்துக்குள் இருக்கும் 9592 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் போதும். 168-இல் நிறுத்துவதற்குப் பதில் 9592 வரை போனால் என்ன, கொஞ்ச நேரம் யோசிக்கட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சை ஹாலில் பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்கலாம். போகட்டும். ஆனால் பெட்டியின் மேல் ‘பத்து இலக்கம் வரை பகாக் காரணிப்படுத்தும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, இந்த எல்லையை உள்ளே இருக்கும் தாளில் ஓர் ஓரத்தில் போட்டிருப்பது நியாயமில்லை. ஆறு இலக்கம் வரை உறுதி, அதற்கு மேல் முடிந்தவரை என்று வெளியிலேயே சொல்லலாம். அப்படிச் சொன்னாலும் நான் வாங்கியிருப்பேன்.

எண்ணின் இலக்கம் பதினொன்றானால் பகுக்கும் பொத்தான் பிழைச் செய்தி காட்டிவிடும், பேச்சே இல்லை. பெருக்கல் மட்டும் அதற்கு மேலும் போகும், ஆனால் திரையில் பத்து இலக்கம்தான். ஒன்பது ஒன்றுகளை, அதாவது 111111111-ஐ, வர்க்கப்படுத்தினால் 12345678987654321 என்று மலை மாதிரி ஏறி இறங்கும் அழகான எண் வரவேண்டும். மெஷின் 1.234567899×10¹⁶ என்று மலையை உச்சியோடு வெட்டிவிடுகிறது. 69-இன் காரணீயப் பெருக்கம், அதாவது 1 முதல் 69 வரை எல்லா எண்ணையும் பெருக்கியது, வரைக்கும் வரும், 70 போட்டால் பிழை. இதெல்லாம் இந்த விலை மெஷின் எல்லாவற்றிலும் உள்ளதுதான், குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது காற்புள்ளியைப் பற்றி. இலக்கங்களுக்கு நடுவே இடைவெளி விட ஒரு வசதி வைத்திருக்கிறார்கள், ஆனால் மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். நமக்கு லட்சம், கோடி என்று படித்துத்தானே பழக்கம். நம் நாட்டில் விற்கிற பொருளில் நம் கணக்குப்படி பிரிக்க ஒரு தேர்வு வைத்தால் என்ன கெட்டுப்போகும்? மில்லியன், பில்லியன் என்று படித்து, அதைக் கோடிக்கு மாற்றி, அப்புறம் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் அந்த வசதியையே அணைத்துவிட்டேன்.

விளையாடிப் பார்க்க இன்னும் சில எண்கள் தருகிறேன். 987654321 போட்டால் 3²×17²×379721, அடைப்புக்குறி இல்லை, ஏனென்றால் 379721 அந்த 1018081-க்குக் கீழே இருக்கிறது. 123456789-ஐ 8-ஆல் பெருக்கி 9 கூட்டினால் இதே எண் வரும். ஒன்றை ஒன்றால் வகுத்தால் 8.000000073. முதலில் சொன்ன 1026753849 அழகாக உடையும், 3²×11²×971², மூன்று இலக்கத்தைத் தாண்டவில்லை. 9814072356 அதைவிடப் பொடியாகும், 2²×3²×11²×19²×79². அப்புறம் 3816547290. இதன் முதல் இரண்டு இலக்கம் 2-ஆல் வகுபடும், முதல் மூன்று 3-ஆல், முதல் நான்கு 4-ஆல், இப்படியே பத்து வரை. பத்து இலக்கமும் ஒரு தடவை வந்து இப்படி நடக்கிற எண் இது ஒன்றுதான். முதல் ஏழை, 3816547-ஐ, 7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 545221. பேத்தியின் சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது இதைக் காட்டினேன். அவள் உடனே தன் செல்போன் நம்பரைப் போட்டு உடைத்துப் பார்த்தாள். பத்து இலக்கம் அல்லவா, கச்சிதமாகப் பொருந்துகிறது. அடைப்புக்குறிதான் வந்தது. பெரும்பாலான போன் நம்பருக்கு அதுதான் வரும் என்று சமாதானம் சொன்னேன்.

யார் வாங்கலாம்? பள்ளிப் பிள்ளைகளுக்கு மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு கணக்குக்கு இது தாராளம், அதில் வருகிற எண்கள் ஆறு இலக்கத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் ஏணி போட்டு வகுக்கப் பழகியபிறகு கையில் கொடுங்கள். கல்லூரிக்காரர்களுக்கு மற்ற வசதிகள் எல்லாம் போதும் என்று பேத்தி சொல்கிறாள், அவள் சொன்னால் சரி. என்னைப் போல எண் பைத்தியங்களுக்கு, அடைப்புக்குறி வருகிற இடத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. எல்லாவற்றையும் உடைத்துத் தருகிற செயலி செல்போனில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் 1234567890 போட்டால் 3607-உம் 3803-உம் கேட்கும் முன்னே வந்து விழும், 9604 என்பது 98-இன் வர்க்கம் என்று கண்டுபிடிக்கிற சந்தோஷம் வராது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது பெட்டியின் மேல் இருக்கும் வாசகத்துக்கும் காற்புள்ளிக்கும் சேர்த்து. பேத்தி ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பென்ஷன் வந்ததும் அதே கடையில் அதே மாடலில் எனக்கென்று ஒன்று வாங்கப் போகிறேன்.